வெள்ளிக்கிழமையில் நின்றுவிட்ட தமிழ்

தமிழில் இயேசு சாகும் பக்கங்களை மட்டும் திரட்டி ஒரு தொகுப்பு போட்டால் தலையணை அளவுக்கு வரும். அவர் எழுந்து வரும் பக்கங்களைத் திரட்டினால் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

கிறிஸ்தவத்துக்குள்ளே பார்த்தால் இது தலைகீழ்க் கணக்கு. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறார்: கிறிஸ்து எழவில்லை என்றால் நம் நம்பிக்கைக்கே அர்த்தம் இல்லை. திருநாள்களின் வரலாறும் அப்படித்தான். டிசம்பர் 25 அன்று கிறிஸ்துமஸ் கொண்டாடியதற்குக் கிடைக்கும் பழைய சான்று நான்காம் நூற்றாண்டு ரோமிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைகள் மோதிக்கொண்டிருக்கின்றன. 325-ல் நிக்கேயாவில் கூடிய சங்கம் எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. அது இன்னும் முழுதாக நடந்தபாடில்லை. மேற்குச் சபைகள் கிரிகோரியன் நாட்காட்டியையும், கிழக்கின் ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய ஜூலியன் கணக்கையும் வைத்திருப்பதால் 2024-ல் ஒருவருக்கு மார்ச் 31, இன்னொருவருக்கு மே 5. 2025-ல் மட்டும் இருவருக்கும் ஏப்ரல் 20.

இவ்வளவு மூத்த, இவ்வளவு சண்டை போட்டுக் காப்பாற்றிய ஒரு நாள் தமிழ் எழுத்தில் ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பதுதான் என் கேள்வி. நான் இதைப் பக்தியின் பக்கம் நின்று கேட்கவில்லை. வாசகனாகக் கேட்கிறேன்.

ஒரு மறுப்பை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. பாஹ் 1725-ல் ஈஸ்டருக்கென்று ஒரு இசைப்படைப்பும், 1727-ல் மத்தேயு நற்செய்தியின் பாடுகளை வைத்து இன்னொன்றும் செய்தார். உலகம் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டாவதைத்தான். சாவுக்குக் கதை இருக்கிறது: துரோகம், விசாரணை, கூட்டம், தாய். எழுந்த பிறகு என்ன கதை? நல்லதே நடந்துவிட்டால் எழுத்தாளனுக்கு வேலை குறைவு. இது எல்லா மொழிக்கும் பொது. ஆனால் தமிழில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு.

*

வெள்ளிக்கிழமையை எழுத நமக்கு வடிவம் தயாராக இருந்தது. ஒப்பாரி.

கோவாவில் பிறந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து வைத்திருந்த பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். பெயர்தான் பிரசங்கம். தவக்காலத்தில் அதை ராகம் போட்டு இழுத்து வாசிக்கும்போது கேட்டால் தெரியும், அது உரைநடையில் வைத்த ஒப்பாரி. என் ஆயாவுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஆனா அதிலிருந்து பத்தி பத்தியா மனப்பாடமா சொல்லும். இயேசுவுக்காக அழுததா, செத்துப்போன தன் மூத்த பிள்ளைக்காக அழுததா என்று பிரித்துச் சொல்ல எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. பிரிக்க முடியாமல் இருந்ததுதான் அந்தப் புத்தகத்தின் வெற்றி. வெளியிலிருந்து வந்த ஒரு கதை, இங்கே ஏற்கெனவே அழுதுகொண்டிருந்த பெண்களின் வாய்க்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை விஷயத்திலும் இதே கதைதான். ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவியது. ஆனால் பள்ளியில் படித்த யாருக்கும் அதில் ஞாபகம் இருப்பது பயணம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் வந்த பகுதியை நினைத்துப் பாருங்கள். கட்டி இழுத்துப் போகிறார்கள், வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள், அவர் பேசாமல் நிற்கிறார். கம்பனை ஊறவைத்துக் குடித்த மனிதர் கிருஷ்ணபிள்ளை. அடிபட்டு மௌனமாக நிற்கும் ஒரு நாயகனை எப்படி எழுதுவது என்று அவருக்குக் கம்பன் சொல்லிக்கொடுத்திருந்தான். பாடநூல் தொகுத்தவர்கள் இவ்வளவு பெரிய காவியத்தில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் இல்லை. அங்கேதான் அந்தக் காவியம் தமிழாக இருக்கிறது.

வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ (1726) ஒரு சுவாரசியமான விலக்கு. அதன் நாயகன் இயேசு இல்லை, வளர்ப்புத் தகப்பன் சூசை. முனிவர் அவருக்கு வைத்த பெயர் வளன். மகன் சிலுவையில் சாவதற்கு முன்பே இறந்துவிடுகிற தகப்பன். அப்படி ஒருவனை நாயகனாக்கியதால் வெள்ளிக்கிழமையின் பாரம் இல்லாமல் காவியம் நடக்கிறது, முடிசூட்டுப் படலத்தில் போய் முடிகிறது. ஆனால் முடிசூட்டு என்பது அரச காவியத்தின் முடிவு. கம்பனிலும் உண்டு. அது வெற்றி. ஒரு அதிகாலையில், பயந்துபோய், யாரென்றே தெரியாமல் நின்று, பிறகு அடையாளம் கண்டுகொள்வது என்பது வேறு விஷயம். அந்த உணர்ச்சி முடிசூட்டில் இல்லை.

ஒரு சொல்லையும் பார்க்கலாம். பழைய கத்தோலிக்க மந்திரங்களில் உயிர்ப்புக்கு ‘உத்தானம்’ என்ற வடசொல் இருந்தது. ‘சரீர உத்தானம்’ என்று சொல்லி வளர்ந்த தலைமுறை இன்னும் சிலர் இருக்கிறார்கள். பிறகு ‘உயிர்த்தெழுதல்’, ‘உயிர்ப்பு’ வந்தன. ‘பாடுகள்’, ‘வியாகுலம்’ என்றெல்லாம் சொன்னதும் வயிற்றைப் பிசையும். ‘உயிர்ப்பு’ நல்ல சொல், அழகான சொல். ஆனால் அது இன்னும் நாக்கில் ஊறவில்லை. எங்கள் ஊரில் பேச்சில் அது ‘ஈஸ்டர்’தான்.

*

எங்கள் ஊர் திருப்பத்தூர். சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. ஜவ்வாது மலை ஒரு பக்கமும் ஏலகிரி ஒரு பக்கமும் நிற்கும் வடக்குத் திருப்பத்தூர், 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் சிலர் பாஸ்கா நாடகத்தின் வசன நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருத்தித் தர வேண்டுமாம்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணா. கடைசி சீன் மட்டும் சப்புன்னு இருக்கு.”

படித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. யூதாசின் மனப்போராட்டத்துக்கு ஆறு பக்கம். பிலாத்து கை கழுவுவதற்கு நாலு பக்கம். மாதா புலம்பலுக்கு எட்டுப் பக்கம், நடுவில் பாட்டு. உயிர்ப்புக்கு மூன்று வரி: ‘இடி முழக்கம். கல் உருளும். வெள்ளை உடையில் இயேசு.’

இது அந்தக் கிராமத்துப் பலவீனம் இல்லை. ஆவூர், இடைக்காட்டூர் என்று பாஸ்காவுக்குப் பேர் போன ஊர்கள் நம்மிடம் உண்டு. மன்னார்ப் பக்கம் பேசாலையில் மனிதர்களுக்குப் பதில் ‘உடக்கு’ என்னும் உருவங்களை வைத்தே பாடுகளைக் காட்டும் மரபு உண்டு. யாழ்ப்பாணத்தில் நீ. மரியசேவியர் அடிகள் 1965-ல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் நாடகத்தைப் பெரிய அரங்கக் கலையாகவே வளர்த்தெடுத்தது. இவ்வளவு செல்வம் இருந்தும், நான் பார்த்த மேடைகளில் எல்லாம் கடைசிக் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். புகை, ஒரு வெடி, தெர்மகோல் பாறை, குழல் விளக்கு, கையைத் தூக்கி நிற்கும் ஒருவர். கூட்டம் அதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் சப்பென்று இருக்கிறது? காட்டக்கூடாததைக் காட்டுவதால்.

நான்கு நற்செய்திகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பு நடந்த கணத்தை ஒருவர்கூட எழுதவில்லை. சிலுவையை மணிக்கணக்கு போட்டு எழுதியவர்கள், இதை எழுதவில்லை. அவர்கள் எழுதியதெல்லாம் அதற்குப் பிறகு. காலியான கல்லறை. சுருட்டி வைத்த துணி. தோட்டக்காரர் என்று நினைத்து ஒருவரிடம் பேசி, அவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் யாரென்று கண்டுகொள்ளும் மகதலா மரியா. வழித்துணையாக நடந்து வந்தவரை, அப்பத்தைப் பிட்டபோதுதான் அடையாளம் காணும் எம்மாவுஸ் பயணிகள். விடியற்காலைக் கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கைப்பிரதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: பெண்கள் கல்லறையைப் பார்த்துவிட்டு நடுங்கி ஓடுகிறார்கள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அத்தோடு சரி. மற்ற வசனங்கள் பின்னால் சேர்த்தவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

எழுத்தாளராகப் பார்த்தால் இதைவிடத் துணிச்சலான முடிவு கிடையாது. நிகழ்ச்சியைக் காட்டாமல், அது பட்ட மனிதர்களைக் காட்டுவது. பாஸ்கா மேடை இதற்கு நேரெதிர் வழியில் போகிறது. மனிதர்களை விட்டுவிட்டு நிகழ்ச்சியைக் காட்டுகிறது.

*

மற்ற ஊர்களில் இதற்கு என்ன செய்தார்கள்?

ஐரோப்பாவில் இடைக்கால நாடகம் மறுபடி முளைத்ததே ஈஸ்டர் காலையில்தான், வெள்ளிக்கிழமையில் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் மடாலயங்களில் ஒரு சின்ன உரையாடல் வழக்கத்துக்கு வந்தது. வானதூதனாக ஒரு துறவி கல்லறை போல அமைத்த இடத்தின் அருகே உட்காருவார். பெண்களாக மூன்று துறவிகள் தூபக்கலசத்தோடு, எதையோ தேடுகிறவர்கள் போலத் தயங்கித் தயங்கி வருவார்கள். யாரைத் தேடுகிறீர்கள் என்ற கேள்வி, ஒரு பதில், இங்கே இல்லை என்ற செய்தி. அவ்வளவே. பிறகு வெறும் துணியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார்கள். இங்கிலாந்தில் அந்த நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட ஒரு மடாலய விதிநூலில் இதன் மேடைக் குறிப்புகள் விலாவாரியாக இருக்கின்றன. உயிர்த்தவர் மேடைக்கு வருவதே இல்லை. துணி போதும்.

பிலிப்பைன்ஸில் ‘சலுபோங்’ என்று ஒன்று. விடிவதற்கு முன் இரண்டு ஊர்வலங்கள் வேறுவேறு தெருவிலிருந்து கிளம்பும். ஒன்றில் உயிர்த்த கிறிஸ்துவின் சுரூபம். மற்றதில் கறுப்பு முக்காடு போட்ட மாதா. இரண்டும் சந்திக்கும் இடத்தில், வானதூதன் வேஷம் போட்ட ஒரு சின்னப் பெண் அந்தக் கறுப்பு முக்காட்டை எடுப்பாள். நற்செய்தியில் இப்படி ஒரு சந்திப்பு இல்லவே இல்லை. மக்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அழுத அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா என்ற நியாயம் அது.

கிரேக்கத்தில் சனி நள்ளிரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு திரியிலிருந்து கைக்குக் கை நெருப்பு போகும். அதற்குப் பிறகு பல நாளைக்கு வணக்கமே மாறிவிடும். அவர் எழுந்தார் என்று ஒருவர் சொன்னால் ஆமாம், மெய்யாகவே என்று மற்றவர் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஹெர்ன்ஹுட் என்ற ஊரில் 1732-ல் மொராவிய சபை இளைஞர்கள் சிலர் விடியுமுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடினார்கள். இன்று உலகமெங்கும் நடக்கும் சூரிய உதய ஆராதனைகளுக்கு அது ஒரு தொடக்கம்.

நான்கிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. எதுவும் உயிர்ப்பை ‘காட்ட’ முயலவில்லை. தேடல், சந்திப்பு, கைமாற்றம், அழைப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் ஏதோ ஒன்றைக் கொண்டுபோகிறார். நம் சாக்லேட் முட்டையும் பேக்கரி முயலும் இந்த வரிசையில் சேராது. அது வேறு கணக்கு. தவக்காலத்தில் முட்டை விலக்கி வைத்த தேசங்களில் ஞாயிறன்று சேர்ந்துபோன முட்டையைத் தின்பதில் ஒரு நியாயம் இருந்தது. நாம் நோன்பை முடிப்பது ஆம்பூர் பிரியாணியில். அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

*

‘நமக்கென்று வடிவம் வேண்டும்’ என்று யாரும் யோசிக்காமல் இல்லை. எங்கள் ஊரிலேயே அதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. 1921-ல் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் சேர்ந்து திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவில் புராட்டஸ்டன்ட்கள் கண்ட ஆசிரமங்களில் மிக முந்தியது. ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். கதர், சைவ உணவு, இலவச வைத்தியம். அவர்கள் எழுப்பிய ஜெபாலயத்தில் ஊசிக் கோபுரம் இல்லை. திராவிடக் கோயில் பாணியில் கோபுரமும் தூண் மண்டபமும். மேற்கத்திய மாதாகோயில்களையே பார்த்துப் பழகிய கண் அங்கே போனால் ஒரு நொடி தடுமாறும்.

கல்லில் செய்ததைச் சொல்லில் ஏன் ஈஸ்டருக்குச் செய்யவில்லை? வெள்ளிக்கு ஒப்பாரி கிடைத்த மாதிரி ஞாயிறுக்குத் தமிழில் வடிவம் இல்லை என்பீர்களா? இருக்கிறது. அதுவும் அதே நிலாவில் இருக்கிறது.

ஈஸ்டர் என்பது மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. சபை இதற்கு வானத்தைப் பார்ப்பதில்லை, அட்டவணையைப் பார்க்கிறது. ஜவ்வாது மலைமேல் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் தொலைநோக்கிக்கும் இந்த நிலாவுக்கும் எப்போதாவது ஒருநாள் வித்தியாசம் வரலாம். ஆனால் மொத்தத்தில் அது நம்முடைய பங்குனி நிலா. அல்லது தள்ளிப்போனால் சித்ரா பௌர்ணமி. பங்குனி உத்திரமும் பெரிய வெள்ளியும் பல வருஷங்களில் ஒரே வாரத்திலோ அடுத்தடுத்த வாரத்திலோ வருவது இதனால்தான்.

அந்தப் பங்குனியில் மயிலாப்பூரில் என்ன நடக்கிறது? கபாலீஸ்வரர் கோயில் பெருவிழாவில், அறுபத்துமூவர் புறப்படும் எட்டாம் நாள் காலையில், செத்துப்போன ஒரு பெண் எழுந்து வரும் கதையை நடத்துகிறார்கள். சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்து இறந்துவிடுகிறாள். தகப்பன் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் போட்டு வைத்துக் காத்திருக்கிறார். சம்பந்தர் வந்து அந்தக் குடத்தின் முன்னால் பாடுகிறார்.

எப்படிப் பாடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எழுந்திரு என்று கட்டளை போடவில்லை. சாவை வென்றேன் என்று முழங்கவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை மாதவாரியாக அடுக்கிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு பாட்டிலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று கேட்கிறார். அவ்வளவுதான். உயிருக்கு எதிராகச் சாவு வைக்கும் வாதத்துக்கு அவர் தரும் பதில் தத்துவம் இல்லை, ஊர். தெருவில் பெண்கள் விளக்கு வைக்கிறார்கள், சோறு போடுகிறார்கள், கடலாடப் போகிறார்கள், நீ இல்லை, வா.

இதைப் படித்துவிட்டு யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்துக்குப் போங்கள். அங்கும் கண் காட்டிக்கொடுக்கவில்லை. பெயர்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு இடத்தில் உயிரோடு இருப்பவர் செத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மற்ற இடத்தில் செத்துப்போனவர் உயிரோடு இருப்பவளைக் கூப்பிடுகிறார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சம்பந்தர் பதிகம் சைவப் பதிகம், அதை ஞானஸ்நானம் கொடுத்து மாற்ற வேண்டியதும் இல்லை. நான் சொல்வது வடிவத்தைப் பற்றி. உயிர்ப்பை அழைப்பாக எழுதும் வழி தமிழில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் திறந்து கிடக்கிறது. ஒப்பாரியை எடுத்துக்கொண்ட கைகள் இதை எடுக்கவில்லை.

எடுத்தவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். பாரதியின் ‘யேசு கிறிஸ்து’ மூன்றே பாடல் கொண்ட சின்னக் கவிதை. சாவை ஒரு வரியில் கடந்துவிட்டு நேராக மூன்றாம் நாளுக்குப் போய்விடுகிறான். சாட்சியாக அவன் கூப்பிடுவது பேதுருவை இல்லை, மகதலா மரியாவை. தமிழில் ஈஸ்டரைச் சரியான வாசல் வழியாக நுழைந்து பார்த்த முதல் கவிதைகளில் அது ஒன்று. ஆனால் அடுத்த பாடலிலேயே எல்லாம் உருவகமாகிவிடுகிறது. மரியா அன்பு, யேசு ஆவி, சிலுவை உண்மை. அழகுதான். ஆனால் உடம்பு காணாமல் போய்விட்டது. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற தோமாவுக்கு இந்தக் கவிதையில் தொட ஒன்றும் இல்லை.

உடம்பை எழுதியவர் புதுமைப்பித்தன். ‘சாப விமோசனம்’ (1943) ஈஸ்டர் கதை இல்லை, அகலிகை கதை. ஆனால் கல்லாய்க் கிடந்த ஒருத்தி எழுந்து வந்தால் மறுநாள் காலை என்ன ஆகும் என்று தமிழில் அப்படிக் கேட்டவர் வேறு யார்? எழுந்த பிறகு ஊர் பார்க்கும் பார்வை, புருஷனோடு பேச முடியாத மௌனம், கடைசியில் சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டு மறுபடி கல்லாவது. நற்செய்தியில் லாசர் எழுந்து வருகிறான், விருந்தில் உட்காருகிறான், அவன் சொன்ன ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. உண்மையில் நற்செய்தி அங்கே ஒரு கதையை விட்டுவைத்திருக்கிறது. அந்தக் கதையை எழுதும் முறை புதுமைப்பித்தனிடம் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ எழுத்து அவரிடம் போய்க் கேட்கவில்லை.

*

இதெல்லாம் சரி, மகிழ்ச்சியை எழுதுவது அவ்வளவு அவசியமா? இன்னும் அழ வேண்டியதே மிச்சம் இருக்கும்போது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏனென்றால் ஈஸ்டர் ஞாயிறு என்ற சொல்லுக்கே தமிழில் இப்போது இன்னொரு அர்த்தம் ஏறிவிட்டது.

2019 ஏப்ரல் 21. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கூடவே கொழும்பின் ஓட்டல்கள். 260-க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள். ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்துக்கு வந்திருந்தவர்கள். பல ஆண்டுப் போரைக் கடந்து வந்த ஊர் அது.

அன்று உலகமெங்கும் போன படங்களில் ஒன்று கட்டுவாப்பிட்டியிலிருந்து வந்தது. உயிர்த்த கிறிஸ்துவின் சுரூபம், அதன்மேல் முழுக்க ரத்தத் துளிகள். சிலுவையில் தொங்கும் சுரூபம் இல்லை. எழுந்து நிற்கும், வெள்ளை உடை உடுத்திய, கை தூக்கிய சுரூபம். நம் பாஸ்கா மேடையின் அதே கடைசிக் காட்சி. சபை அதைக் கழுவி மறுபடி வைக்கவில்லை. ரத்தத்தோடு கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றியது.

அந்தப் படத்துக்கு முன்னால் புகையும் வெடியும் போட்ட ஈஸ்டர் நிற்காது. வெடிச் சத்தம் கேட்டு அந்த ஊரில் யார் கைதட்டுவார்கள்? பாரதியின் உருவகமும் நிற்காது. ஆனால் வெள்ளிக்கிழமையிலேயே இருந்துவிடுவதும் போதாது. ஒப்பாரி இறந்தவரைப் பற்றிப் பேசும், இறந்தவரோடும் பேசும். ஆனால் முற்றத்தில் மறுவாரம் வகுப்பு நடத்த வேண்டிய ஆசிரியைக்கு அதனால் என்ன சொல்ல முடியும்?

யோவான் இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாக வைத்திருக்கிறார். எழுந்து வந்தவரின் உடம்பில் ஆணித் தழும்பு இருக்கிறது. விலாவில் காயம் ஆறவில்லை. தோமாவிடம் அவர் காட்டுவது ஒளிவட்டத்தை இல்லை, காயத்தை. ஞாயிறு வெள்ளியை அழிப்பதில்லை, சுமந்துகொண்டு வருகிறது. அந்தத் தோமாவை அடக்கம் செய்ததாக மரபு சொல்லும் சாந்தோமும், பூம்பாவையைக் கூப்பிடும் கபாலீஸ்வரர் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதைச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஒருவன் தொட்டுப் பார்க்கக் கேட்கிறான். ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தமிழில் ஈஸ்டரை எழுத இந்த இரண்டும் வேண்டும். காயம் மட்டும் இருந்தால் அது பாஸ்காவின் எட்டுப் பக்கப் புலம்பல். அழைப்பு மட்டும் இருந்தால் வாழ்த்து அட்டை.

*

பையன்களின் நோட்டில் கடைசிக் காட்சியை மாற்றி எழுதிக் கொடுத்தேன். கல் உருளவில்லை, புகை இல்லை. மூன்று பெண்கள் வருகிறார்கள். துணி கிடக்கிறது. இருவர் ஓடிவிடுகிறார்கள், ஒருத்தி நிற்கிறாள். பின்னால் மண்வெட்டியோடு ஒருவர். பெயர். விளக்கு அணைகிறது.

“கைதட்டு வருமாண்ணா?” என்றான் ஒருவன். பேச்சுவார்த்தை நடந்து, விளக்கு அணைந்த பிறகு ஒரே ஒரு வெடி என்று முடிவானது.

அது சமரசம்தான், இலக்கியம் இல்லை. அந்தக் காட்சியைத் தமிழில் முழுசாக எழுதப்போவது இதைப் படிக்கும் உங்களில் ஒருவராக இருக்கலாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை, நம்பிக்கை உள்ளவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு முற்றத்திலிருந்து தொடங்குங்கள், அல்லது உங்கள் ஊரின் ஏதாவது ஒரு முற்றத்திலிருந்து. ஆனால் எழுத உட்காருவதற்கு முன் ஒரு முறை பூம்பாவைப் பதிகத்தைச் சத்தமாகப் படித்துவிடுங்கள். செத்தவர்களிடம் நம் மொழி எப்படிப் பேசியது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.